ரெங்கம்மாவுக்கு ஒரு முட்டை

கொழும்பிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு என் மகள் பவளத்தின் தலையில் ஒரு முடிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை. தலையில் துண்டைக் கட்டித்தான் கூட்டி வந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கு வந்ததும் பாழாய்ப் போன துண்டு அவிழ்ந்து விழுந்தது. பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா பார்த்துவிட்டாள்.

"கதிர்காமம் போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்றாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா மாரியாயி?"

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது கதிர்காமம் போனால் லயம் முழுக்கக் காணிக்கை கொடுத்தனுப்பும். பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்குக் குடி, மாட்டுக்குக் கழிச்சல் என்று ஆளாளுக்கு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பார்கள். போகிறவர் அதையெல்லாம் வாங்கிப் போய் முருகனுக்குச் செலுத்திவிட்டு, திருநீறு கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். சொல்லாமல் போவது லயத்தையே மதிக்காத காரியம். ரெங்கம்மா தன் சின்ன மகளின் இழுப்புக்காக முடிந்த முடிச்சு மாடத்தில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்ததாம். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அதோடு நின்றாளா? என்னைப் பற்றி மற்ற எல்லோரோடும் பேசினாள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொல்ல எனக்குப் பயம். பவளத்துக்கு வந்திருந்தது ரத்தத்தில் புற்று. முன்பு மேல் லயத்தில் ஒருவருக்கு வாயில் புற்று வந்தபோது அவருக்குக் கோப்பை வேறு, பாய் வேறு என்று ஆக்கினார்கள். அவர் தண்ணீர் பிடித்துப் போன பிறகு தண்ணீர் கொட்டும் பீலியைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் குடத்தை வைத்தார்கள். என் பிள்ளைக்கு அந்தக் கதி வருவதைவிட, என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டுதான்.

எழுபத்துநாலாம் வருஷம் அது. மாவு ரேஷனைக் குறைத்திருந்தார்கள். வேலையும் வாரத்தில் பாதி நாள்தான். நமுனுகுல மலை முழுக்கப் பச்சையாக இருந்தது, அதில் தின்ன ஒன்றும் இல்லை. வெறும் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றோம். அந்த வருஷத்தில்தான் என் பிள்ளைக்கு இந்த நோய் வர வேண்டுமா என்று யாரைக் கேட்பது?

கொழும்பு டாக்டர் சொன்னது இதுதான். ஊசியைத் தவணை தவணையாகப் போட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கு முன்னும் பிள்ளையின் ரத்தத்தைப் பதுளை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அங்கேயே ரத்தம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வர வேண்டும். ஏற்றாமல் ஊசி போட்டால் பிள்ளை தாங்காது. ஊசியைத் தள்ளிப் போட்டால் நோய் திரும்பிவிடும்.

இதைக் கேட்ட நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கொழுந்து எடுக்கும்போது நிரையை விட்டு முன்னே முன்னே போனேன். "உன்னைய நாயா தொரத்துது?" என்று கங்காணி கணபதி கேட்பார். வீட்டில் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். பவளம் தூங்கினால் மூச்சைப் பார்த்தேன். விளையாடினால் கையையும் காலையும் பார்த்தேன், எங்கேயாவது புதிதாகக் கன்றிப் போயிருக்கிறதா என்று. பாவம், அந்தப் பிள்ளையை நான் ஒரு நேரம் சும்மா இருக்க விட்டதில்லை. என் புருஷன் வீரய்யா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அதைக் கண்டாலும் எரியும். ஓடிக்கொண்டே இருப்பவளுக்கு உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் ஆகாது.

இரண்டாம் தவணைக்கு முன் பதுளைக்குக் கூட்டிப் போனபோது பவளத்தின் உதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு போத்தல் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். "எந்த வகை ரத்தமா இருந்தாலும் பரவாயில்ல, நாங்க மாத்திக்குவோம். ரத்தம் குடுக்க ஆள் கொண்டாங்க."

"என்கிட்ட எடுங்க" என்று கையை நீட்டினேன். நர்ஸ் மிஸ்ஸி என் விரலில் குத்தி ஒரு துளியை எடுத்து, குவளையில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டார். சத்துள்ள ரத்தம் என்றால் துளி அடியில் போய் உட்காரும், சத்தில்லாத ரத்தம் மேலே வந்துவிடும் என்று சொன்னார். என் துளி கொஞ்ச தூரம்கூட இறங்கவில்லை. மேலே வந்து மிதந்தது. வீரய்யாவின் துளியும் அதேதான் செய்தது.

பெற்றவளின் ரத்தம் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு குவளைத் தண்ணீர் சொல்கிறது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல எனக்கு வந்தது.

"தோட்டத்து ஆளுங்க நெறையப் பேருக்கு இப்படித்தாம்மா" என்றார் மிஸ்ஸி. "நாளைக்கு வேற ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க."

வீரய்யாவைப் பிள்ளையோடு விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். பசறையில் பஸ் நின்றது, யாரோ மூட்டை ஏற்றினார்கள், யாரோ இறக்கினார்கள், டிரைவர் இறங்கித் தேத்தண்ணி குடித்தார். நான் இருக்கையில் உட்காரவே இல்லை. நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பீலிக்கரையில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். வேலை விட்டு வந்து கை கால் கழுவுகிற நேரம். என்னைப் பார்த்ததும் ரெங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"நான் கதிர்காமம் போகல. பவளத்துக்கு ரத்தத்துல புத்து. மருந்துல முடி கொட்டிருச்சு. நாளைக்கு அதுக்கு ரத்தம் வேணும். எங்க ரெண்டு பேரு ரத்தமும் ஆகாதுன்னுட்டாங்க. வர்றவங்க வாங்க, வராதவங்க போங்க."

உதவி கேட்கிற லட்சணமா அது? சண்டைக்கு இழுப்பது போலக் கேட்டேன். எனக்கு வேறு விதமாகக் கேட்டுப் பழக்கமில்லை.

ரெங்கம்மா இந்தப் பக்கம் திரும்பி, "ஒட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒட்டாது."

"யாரு சொன்னா?"

"கொழும்பு டாக்டரு."

"இதை வயித்துல வச்சுக்கிட்டா இத்தனை நாளா ஊமை மாதிரித் திரிஞ்ச? உன்னைய எல்லாம் என்னத்தைச் சொல்றது" என்றாள். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவ்வளவுதான், இனி டவுனில் யார் காலிலாவது விழ வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் ரோட்டுக்கு இறங்கினால், அங்கே எனக்கு முன்னாடியே ரெங்கம்மா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் பெரியாயி அக்கா. எங்கள் நிரையில் வயதிலும் வாயிலும் மூத்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் கொழுந்துக்காரப் பெண்கள் பலர், ஆண்கள் சிலர். கங்காணி கணபதியும் வந்திருந்தார். "கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன், இன்னிக்கு இவங்க யாரும் பெரட்டுக்கு வர மாட்டாங்கன்னு. குதிச்சாரு. குதிக்கட்டும்" என்றார். நான் பஸ் வரும் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் ரெங்கம்மா பார்ப்பாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். ஒவ்வொரு துளியாக மிதந்தது. பெரியாயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நர்சரியில தேயிலைக் கொட்டையத் தண்ணியில போட்டுப் பாக்குற மாதிரித்தான் இதுவும். முங்குனா நடலாம். மெதந்தா அள்ளி வீச வேண்டியதுதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கங்காணிக்கு நல்ல தொந்தி. அவருடைய துளியாவது இறங்கும் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதுவும் மிதந்தது. "அப்ப அந்தத் தொந்தி எதுல வந்துச்சு கங்காணி?" என்று யாரோ கேட்ட பிறகுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கணபதி மட்டும் சிரிக்காமல் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரெங்கம்மாவின் துளி. அது இறங்கியது. பாதி வரைக்கும் போய், அங்கேயே நின்றது. நான் மனசுக்குள் அந்தத் துளியை அமுக்கினேன், போ, போ என்று. நின்று யோசித்துவிட்டு அதுவும் மேலே வந்துவிட்டது.

"கிட்டத்தட்ட சரி. கொஞ்சம் தேறினா ஆகும்" என்றார் மிஸ்ஸி. "ஆனா இன்னிக்கு எடுக்க மாட்டேன்."

வாசலுக்கு வெளியே வந்து எல்லோரும் கும்பலாக நின்றோம். மலையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கூடை சுமக்கிற ஆட்கள். இத்தனை பேர் உடம்பிலும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க ஒரு போத்தல் ரத்தம் இல்லை. அந்த அவமானத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே இத்ரூஸ் நானாவின் இறைச்சிக் கடை. தோட்டத்து ஆட்கள் தீபாவளிக்கு அங்கேதான் ஆட்டிறைச்சி வாங்குவோம். "என்ன, செத்த வீடு மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டார். பெரியாயி அக்கா சொன்னார். அவர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு, "கையைக் கழுவிட்டு வாறேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவருடைய துளி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. ரெங்கம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "மனுசன் நல்லாத் திங்கிறாரு" என்றாள்.

பவளத்துக்கு ரத்தம் ஏறியது. உதட்டில் நிறம் வந்தது. அப்படியே கொழும்புக்குக் கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினோம். ஆனால் அடுத்த தவணைக்கு இத்ரூஸ் நானாவிடம் எடுக்க முடியாது, ஒருவரிடம் எடுத்தால் மாதக்கணக்கில் விட வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. அப்புத்தளையில் பனி மூடிக் கிடந்தது, பவளம் கண்ணாடியில் விரலால் கோழி வரைந்தாள். நான் ஆட்களை மனசில் ஒவ்வொருவராக நிறுத்தி, ஒவ்வொருவராக மிதக்க விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், நான் இல்லாத நேரத்தில் லயம் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தது. ரெங்கம்மாவின் உடம்பைத் தேற்றுவது. அவள் துளிதானே பாதி வரை போனது. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுப்போமே, அதே முறையில் தினமும் ஒரு வீடு ரெங்கம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். கோழி உள்ள வீடு முட்டை, இல்லாத வீடு பொன்னாங்காணியோ வல்லாரையோ பறித்துச் சமைத்த கறி. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார். இத்ரூஸ் நானா பஸ் கொண்டக்டர் கையில் அடிக்கடி ஆட்டு ஈரல் கொடுத்தனுப்பினார்.

பெரியாயி அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. பீலிக்கரையில் எல்லோர் கண் முன்னாலும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னை ஊரெல்லாம் தூற்றியவள் பீலிக்கல்லில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஊரே படையல் கொண்டுவருகிறது. நானும் என் முறைக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன், வேண்டா வெறுப்பாக, ஆனால் பதமாக வேக வைத்து. "உப்பு கம்மி" என்பாள். "அடுத்த மொறைக்குப் போடுறேன்" என்பேன். அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் ஒழுங்காக மென்றால்தான் என் பிள்ளைக்கு உயிர். ஒரு நாள் அவளுக்குச் சளி பிடித்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் புருஷனுக்குக்கூட நான் அவ்வளவு கஷாயம் போட்டதில்லை.

எங்கள் கோழி இட்ட முட்டையை அவித்து எடுத்தபோது பவளம் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அது எனக்கா?"

"இல்ல. ரெங்கம்மா அத்தைக்கு."

"அவங்களுக்கும் ஊசி போடுறாங்களா?"

நான் முட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நோய்ப்பட்ட பிள்ளை கேட்ட முட்டையைக் கொடுக்காமல் எதிராளிக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிற தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஆத்திரமெல்லாம் எனக்கு ரெங்கம்மா மேல்தான் வந்தது.

பீலிக்கரையில் அவள் பாதி முட்டையைத் தின்றாள். மீதியை, "விக்குது, தேத்தண்ணியோட திங்கிறேன்" என்று கையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பெரியாயி அக்கா அங்கே இல்லை. எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. அவள் எழுந்து போனதும் பின்னாலேயே போனேன்.

லயத்துக்குப் பின்புறம் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் அவளுடைய இரண்டு மகள்களும் நின்றார்கள். அவள் அந்தப் பாதி முட்டையை நகத்தால் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொன்றாக வாயில் வைத்தாள். சின்னது அவள் விரலையும் சேர்த்துச் சப்பியது.

"என் பிள்ளை உயிரை எடுத்து உன் பிள்ளைகளுக்கு ஊட்டுறியாடி?" என்று கேட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான்.

ரெங்கம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். திருட்டு அகப்பட்டவள் முகம் போல இருந்தது, கொஞ்ச நேரம்தான். பிறகு என்னைவிடச் சத்தமாகப் பேசினாள்.

"ஆமா, ஊட்டுறேன். இதுங்க ரெண்டும் தெனமும் பீலிக்கு எதிர்க்க நின்னுக்கிட்டு என் வாயையே பாக்குதுங்க. நான் முழுங்குறப்ப சின்னதும் எச்சில் முழுங்குது. ராவைக்கு இதுங்களுக்குக் கருப்பட்டித் துண்டும் சாயத் தண்ணியும்தான். நீயா இருந்தா முழுங்குவியா மாரியாயி? சொல்லு. முழுங்குவேன்னு சொல்லு, நாளையிலருந்து நானும் முழுங்குறேன்."

அந்தப் பெரிய மகள் என்னைப் பார்த்துப் பயந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் அங்கிருந்து விறுவிறுவென்று நடந்தேன். பெரியாயி அக்காவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் ரெங்கம்மாவை நாலு வார்த்தை ஏசுவார், நாளையிலிருந்து காவல் போடுவார். காவல் போட்டால் தின்பாளா? தின்பாள். உடம்பில் ஒட்டுமா?

நான் என் வீட்டைத் தாண்டிப் போய் லயத்துக் கடைசிக் காம்பராக் கதவைத் தட்டினேன்.

பிறந்ததிலிருந்து நான் எந்த வீட்டுக் கதவையும் கேட்பதற்காகத் தட்டியதில்லை. பீலிக்கரையில் நின்று கத்தியது கேட்டதாகாது. இப்போது என் பிள்ளைக்குக்கூட இல்லை, ரெங்கம்மா பிள்ளைகளுக்கு. "அவளுக்குச் சாப்பாடு எடுக்குற அன்னிக்கு அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கவளம் சேத்து எடுத்து வைங்க. பிள்ளைங்க முன்னாடியே தின்னு முடிச்சிட்டா அவ நிம்மதியாத் திம்பா" என்று சொன்னேன். ஒரு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில், "எங்க பிள்ளைங்க மண்ணைத் திங்கட்டுமா?" என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான், என்னால் மறுக்க முடியவில்லை. தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாளே, அவள் கதவைத் திறக்கவே இல்லை. கங்காணி கணபதி கேட்டுவிட்டு, தன் வீட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அப்போதே என் கையில் வைத்தார்.

மறுநாள் அந்த இரண்டு பிள்ளைகளையும் என் அடுப்படிக்குக் கூட்டிவந்து பவளத்தோடு உட்கார வைத்தேன். மூன்று தட்டு. சேர்ந்ததைப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வந்தது. மூன்றும் பேசிப் பேசித் தின்றன. சின்னது பவளத்தின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, "வழுக்குது" என்றது. பவளம் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் பீலிக்கரையில் ரெங்கம்மா முழு முட்டையைத் தின்றாள். பார்த்துவிட்டு வந்து பெரியாயி அக்கா சொன்னார். நான் பார்க்கப் போகவில்லை.

அடுத்த தவணை வந்தது. பவளம் மறுபடி வெளுத்துப் போனாள். ஆஸ்பத்திரி மாடிப் படியில் இரண்டு படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள், தூக்கிக்கொண்டு போனேன். ரெங்கம்மா என் பக்கத்தில் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். வழி முழுக்க அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருந்தது.

மிஸ்ஸி விரலில் குத்தினார். துளி நீலத் தண்ணீரில் விழுந்தது. பாதிக்குப் போனது. நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொற" என்றாள் ரெங்கம்மா.

துளி அடியில் கிடந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு முட்டை" என்றாள் மெதுவாக. பிறகு படுக்கையில் போய்ப் படுத்துக் கையை நீட்டினாள். போத்தல் நிறையும் வரை நான் அவள் தலைமாட்டில் நின்றேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "உன் வாயை விட வலிக்கல" என்றாள்.

பவளம் அந்தத் தவணையையும் தாங்கினாள். இன்னும் தவணைகள் இருந்தன. எத்தனை தாங்குவாள், எது வரைக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அடுத்த போத்தலுக்கு ஆள் வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த வரைக்கும் வாழ்க்கை.

கொழும்பிலிருந்து திரும்பிய மறுநாள் பீலிக்கரையில் அதே பேச்சு. ரெங்கம்மாவிடம் இப்போதைக்கு எடுக்கக் கூடாது. யாரைத் தேற்றுவது? பெரியாயி அக்கா, வயசு போய்விட்டது என்று தன்னையே தள்ளினார். கணபதி, தான் தயார் என்றார். "உங்க தொந்தியை நம்பி ஒரு தடவை ஏமாந்தது போதும்" என்றார்கள். ஆளாளுக்குப் பேர் சொல்லிச் சண்டை போட்டார்கள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன், எப்போது வீட்டுக்கு ஓடலாம் என்று.

"எதுக்குச் சண்டை? இவளைத் தேத்துவோம்" என்று ரெங்கம்மா என்னைக் காட்டினாள்.

"எனக்கு வேணாம்" என்றேன் உடனே. "நான் யாருகிட்டயும் வாங்கித் திங்கிறவ இல்ல. என் துளி கொஞ்சம்கூட இறங்கல. என்னைத் தேத்துறது வீண் வேலை."

"பெத்தவளே அழுதுக்கிட்டும் ஓடிக்கிட்டும் கெடந்தா ரத்தம் எங்கருந்து ஊறும்? ஒரு எடத்துல உக்காந்து தின்னு பாரு, இறங்கும்."

"எனக்கு எறங்காது ரெங்கம்மா. பவளம் பாத்துக்கிட்டு நிக்கும். என்னால முடியாது."

"பவளம் எங்க வீட்டுல இருக்கு. என் புள்ளைங்களோட தின்னுக்கிட்டு இருக்கு. போயிப் பாத்துட்டுத்தான் வாறேன்."

அவள் என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். தோளைப் பிடித்து என்னைப் பீலிக்கல்லில் உட்கார வைத்தாள். அன்றைக்கு முறை யார் வீடென்று நான் கேட்கவில்லை. அன்று கதவைத் திறக்காதவள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உரித்த முட்டையை இலையில் வைத்து என் மடியில் வைத்தாள்.

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அதை வாயில் வைத்தேன். அழுகை வந்தது. துப்பிவிட்டு எழுந்து ஓடிவிடலாம் என்று காலை ஊன்றினேன். ரெங்கம்மா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அழுகுறதுன்னா அழு" என்றாள். "எந்திரிக்காம அழு. மென்னுக்கிட்டே அழு."

மென்றேன்.